தை மாசத்து வேர்க்குரு

அவரு பேரு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு எங்க தெருவுல ஒருத்தருக்கும் தோணல. வாசல் வாசலா வந்து, இதுக்கு உங்க வீட்டுல என்ன பேரு, அதுக்கு என்ன பேருன்னு கேட்டுக்கினே இருந்த மனுஷன். அவரைப் பார்த்து, உம் பேரு இன்னாய்யான்னு ஒரு நாக்கு கேக்கல. என் நாக்கையும் சேர்த்துத்தான் சொல்றேன். நெனச்சா இப்பக்கூட பத்திக்கினு வருது.

எங்களுக்கு அவரு அம்மை குத்தறவரு. அவ்வளவுதான். அப்ப பெரியம்மை இருந்த காலம், அறுபதுகள். இப்ப இருக்கற பசங்களுக்குச் சொன்னா புரியாது. ஒரு வீட்டுல வந்துதுன்னா அந்தத் தெருவுல ரெண்டு மூணு கொழந்தையாவது குழிக்குப் போவும். அதுக்குத்தான் நகராட்சியில இருந்து இவரை அனுப்புவாங்க. காக்கிச் சட்டை, மடிச்சுக் கட்டின வேட்டி, சைக்கிள் கேரியர்ல ஒரு தகரப் பெட்டி. முகம் பூரா தழும்பு. இடது கண்ணு ஓரம் இழுத்துக்கினு இருக்கும். ஐயம்பேட்டைக்கு அந்தாண்ட ஒரு சேரியில இருந்து பிள்ளையார்பாளையத்துக்கு மிதிச்சுக்கினு வருவாரு. சேரின்னு அப்ப சொன்னதை அப்புறம் காலனின்னு மாத்திக்கினாங்க. பேரை மட்டும் மாத்திட்டா ஆச்சா? வேதக்காரரு வேற, ஏசு சாமியைக் கும்பிடறவரு. கேக்கணுமா! எங்க தெருவுல மூக்கு ஒழுகற பசங்ககூட அவரை வா, போன்னுதான் பேசும். அவரு அதுங்களை வாங்க தம்பின்னுவாரு.

அவருக்கு முன்னாடியும் அம்மை குத்தறவங்க வந்தாங்க. தெரு முனையில இருந்தே, அம்மை இருக்குதான்னு ஒரு கத்து கத்துவாங்க. இல்லன்னு பதில் கத்தினா, காயிதத்துல கோடு போட்டுக்கினு போயிடுவாங்க. ரெண்டு பேருக்கும் நிம்மதி. இவரு அப்படி இல்ல. வாசல்ல சைக்கிளை ஸ்டாண்டு போடுவாரு. கையைக் கட்டிக்குவாரு. ஆரம்பிப்பாரு பாருங்க.

"வீட்டுல அம்மா வந்திருக்காளாம்மா? முத்து போட்டிருக்குதா? ஆத்தா விளையாடறாளா? தாய் எறங்கியிருக்காளா? மாரி பார்த்திருக்காளா?"

தெலுங்கு பேசற வீட்டு வாசல்ல, அம்மவாரு போசிந்தான்னு கேப்பாரு. துலுக்க வீட்டுல படுதாவுக்கு இந்தாண்ட நின்னுக்கினு, சேச்சக் இருக்குதா மாஜின்னு கேப்பாரு. அக்ரகாரத்துல வைசூரி. மணல்வாரின்னு ஒருத்தர் சொன்னா அது சின்ன நோவு, தட்டம்மை, விட்டுடலாம். கொப்புளிப்பான்னா இன்னொண்ணு, சின்னம்மை. எந்தத் தெருவுல எந்தப் பேரு, யாரு பெரிசைச் சிறிசா சொல்லி மறைக்கறாங்க, எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு புதுப் பேரு காதுல விழுந்துதுன்னா போதும், குத்த வந்த வேலையை மறந்துட்டு, இது யாரு சொல்ற பேரும்மா, உங்க அம்மா வீட்டுப் பேரா, மாமியா வீட்டுப் பேரான்னு நோண்டி நோண்டிக் கேப்பாரு. எங்களுக்கு எரிச்சலா வரும்.

எதிர் வீட்டுக் கிழவரு ஒரு தபா எரிஞ்சு விழுந்தாரு. "ஏன்யா, மந்திரம் சொல்றா மாதிரி சொல்லிக்கினு நிக்கறே? ஒரே வார்த்தையில கேட்டுட்டுப் போயேன்."

"ஒரே வார்த்தையில கேட்டா ஒரே வார்த்தையில இல்லன்னுடறாங்க சாமி. அவங்க வீட்டுப் பேரைச் சொல்லிக் கேட்டா இல்லன்னு சொல்ல வாய் வராது."

அது நெசம். அம்மா உள்ள இருக்கறப்ப, நீ எந்தப் பேரால அவளைக் கும்பிடறியோ அந்தப் பேரைச் சொல்லி ஒருத்தன் வாசல்ல நின்னு கேட்டா, இல்லன்னு சொல்ல எந்தப் பொம்பளைக்குத் துணிச்சல் வரும்? வந்திருக்கறவளை இல்லன்னு சொன்னா அவ சும்மா வுடுவாளா? அப்படித்தான் எங்களை வளர்த்திருக்காங்க. அந்தப் பயத்தை இவரு புரிஞ்சு வச்சிருந்தாரு. பேரு எல்லாத்தையும் சேர்த்து வச்சது அதுக்குத்தான்.

குழாயடியில ஒரு நாள் நானே கேட்டேன். அப்ப எனக்கு இருபது வயசு இருக்கும், வாய் அதிகம். "நோவுக்குப் போயி அம்மான்னு ஏன் பேரு வச்சாங்க?"

"பயத்துல வச்ச பேரும்மா அது. அடிக்க வர்றவங்களை அம்மான்னு கூப்பிட்டுட்டா அடி கொஞ்சம் மெதுவா விழும்னு ஒரு நெனப்பு. வைசூரிங்கறது மசூர் பருப்புல இருந்து வந்துச்சாம், ஒரு வைத்தியரு சொன்னாரு. கொப்புளம் பருப்பு மாதிரி இருக்கறதால மசூரிகையாம், அது தேஞ்சு வைசூரியாம். நெசமோ பொய்யோ. பருப்புன்னு பேரு வச்சவரு தூர நின்னு பார்த்திருப்பாரு. அம்மான்னு பேரு வச்சவ புள்ளைய மடியில போட்டுக்கினு இருந்திருப்பா"ன்னாரு.

அப்புறம் தண்ணி கேட்டாரு. ரெண்டு கையையும் குவிச்சுக்கினு குனிஞ்சாரு. நான் குடத்தைத் தூக்கித்தான் ஊத்தினேன். படாம. நல்லவ மாதிரி இன்னிக்கு உங்ககிட்ட வேஷம் போட எனக்கு இஷ்டம் இல்ல.

இன்னொரு கதை சொன்னாரு. மருந்துக்கு இங்கிலீஷ்ல வாக்சின்னு பேரு. அது லத்தீன்ல பசுமாட்டோட பேருல இருந்து வந்ததுன்னு ஆஸ்பத்திரி டாக்டரு யாரோ சொல்லியிருக்காரு. மாட்டு மடியில வர்ற அம்மையை வச்சுத்தான் முதல்ல இதைக் கண்டுபுடிச்சாங்களாம். இவருக்கு ஒரே குஷி. கோயில் பக்கத்துத் தெருவுல ஒரு பெரியவரு கையைக் காட்டவே மாட்டேன்னு வருஷக்கணக்கா அடம். அவரண்ட போயி, "பசுவோட பேருங்க சாமி, கோமாதா பேரு"ன்னு சொல்லியிருக்காரு. பெரியவரு எழுந்து நின்னு, தகரப் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டாராம். கும்பிட்டுட்டு, "பசு சரி. குத்தற கை யாரு கை?"ன்னு கேட்டாராம்.

இதை அவரு சிரிச்சுக்கினே சொன்னாரு. எனக்கு ஒடம்பு எரிஞ்சுது. கோவம் வர வேணாமாய்யா ஒரு மனுஷனுக்கு? பெட்டியால அந்த ஆளு மண்டையில ஒண்ணு போட்டுட்டு வந்திருக்க வேணாமா? சிரிக்கறாராம் சிரிப்பு.

ஆனா அழுத்தமான ஆளு. அதையும் சொல்லணும். பாளையத்துலயே ஒரு வீடு. இவரு வரிசையா எல்லாப் பேரையும் சொல்லிக் கேட்டாரு. அந்த வீட்டுப் பொம்பளை எல்லாத்துக்கும் தலையை ஆட்டி இல்ல இல்லன்னுச்சு. சரின்னு திரும்பப் போனவரு காதுல, உள்ள யாரோ, "விருந்தாளி இருக்கறப்ப வாசல்ல என்னா பேச்சு?"ன்னு சொன்னது விழுந்துடுச்சு. அவ்வளவுதான். சைக்கிளைத் திருப்பி நிறுத்திட்டாரு.

"எங்க அம்மாவும் விருந்தாளின்னுதாம்மா சொல்லும். பேரைச் சொல்லக் கூடாதுன்னு. எங்க வீட்டுக்கு வந்த விருந்தாளி எனக்கு முன்னாடி பொறந்த மூணு பேரையும் இட்டுக்கினு போயிடுச்சு. என்னை இப்படி ஆக்கிட்டுப் போச்சு. நீங்க கதவைத் தொறக்கற வரைக்கும் நான் போவ மாட்டேன்."

காலைல நின்னவரு பொழுது சாயற வரைக்கும் நின்னாரு. சாணித் தண்ணியைக் கொண்டாந்து ஊத்தினாங்க. நின்னாரு. கடைசியில அந்த வீட்டு ஆம்பளையே வந்து, உள்ள இருந்த மூணு பசங்களுக்கும் கையை நீட்டச் சொன்னாரு. மூணும் பொழைச்சுதுங்க. தெருவே பார்த்த சங்கதி இது.

இவ்வளவும் எதுக்குச் சொல்றேன்னா, அப்பேர்ப்பட்ட ஆளு எங்க வீட்டு வாசல்ல நிக்கல. அந்தக் கோவம்தான் எனக்கு.

அந்த வருஷம் தை மாசம். எங்க வீட்டுல மாமியாரு, என் வீட்டுக்காரரு, அவரோட அண்ணன், அண்ணன் சம்சாரம். அவங்க எனக்கு ஓரகத்தி முறை, நான் அக்கான்னு கூப்பிடுவேன். அக்காவுக்கு ரெண்டு கொழந்தை, அஞ்சு வயசுல ஒரு பொண்ணு, மூணு வயசுல ஒரு பையன். எனக்கு ஒரே பையன், ஒண்ணரை வயசு. மூணுக்கும் அம்மை குத்தல. ஒவ்வொரு தபாவும் எங்க மாமியாரு கொழந்தைங்களைக் கொல்லைப்பக்கமா அனுப்பிடும். அம்மா கோவிச்சுக்குவாளாம்.

பொண்ணுக்குக் காச்சல் வந்துச்சு. நாலாம் நாள் நெத்தியில, கையில முத்து. பார்த்த உடனே எல்லாருக்கும் தெரிஞ்சுடுச்சு. வழக்கமா என்ன செய்வோம்? வாசல்ல வேப்பிலை சொருகுவோம். அதைப் பார்த்தா வெளியாள் யாரும் படி ஏற மாட்டாங்க, அக்கம்பக்கத்துப் பசங்க எட்டிப் பார்க்காது. எங்க மாமியாரு சொருக வேணாம்னுடுச்சு. ஏன்னா எங்களுக்கு நெசவுதான் பொழப்பு, தறியில முகூர்த்தப் புடவை. அரக்குல பச்சைக் கரை, இன்னும் ரெண்டு முழம் பாக்கி. வேப்பிலை சொருகின வீட்டுப் புடவையை எந்தக் கல்யாணக்காரங்க தொடுவாங்க?

"வேர்க்குருன்னு சொல்லுங்கடி. யாரு கேட்டாலும் வேர்க்குரு. அம்மான்னு வாயில எடுத்தீங்க, பார்த்துக்குங்க."

உள்ள எல்லா மரியாதையும் நடந்துச்சு. தாளிக்கல. வேப்பிலையைப் பரப்பிப் பொண்ணைப் படுக்க வச்சோம். மஞ்சத் தண்ணி தெளிச்சோம். கற்பூரம் காட்டினோம். வாசல்ல மட்டும் ஒண்ணும் இல்ல. தூ! மருந்து வேணாம்னு சொல்றதுக்கு அம்மா வேணும். புடவை விலை போவணும்னா அம்மா வேர்க்குரு ஆயிடுவா. அந்தப் புடவையை எந்தப் பொண்ணு கட்டிக்கினு மணையில உக்காந்துச்சோ, அது என்ன ஆச்சோ, எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது.

முத்து தெரிஞ்ச மறுநாள் அவரு சைக்கிள் மணி கேட்டுச்சு. மாமியாரு என் முதுகுல கையை வச்சு வாசலுக்குத் தள்ளுச்சு. "நீ போய்ச் சொல்லு." ஏன் நானு? ஏன்னா அம்மா பேரைச் சொல்லிக் கேக்கறப்ப இல்லன்னு சொல்றது பாவம். அந்தப் பாவம் சின்ன மருமவ மேல போவட்டும்! நான் எம் பையனை இடுப்புல தூக்கிக்கினு போயி நின்னேன்.

அவரு கையைக் கட்டிக்கினாரு. "அம்மா வந்திருக்காளாம்மா? முத்து போட்டிருக்குதா?"

நான் தரையைப் பார்த்துக்கினு, "பொண்ணுக்கு வேர்க்குரு"ன்னேன்.

"தை மாசத்துலயாம்மா வேர்க்குரு?"

உள்ள மூணு வயசுப் பையன் தட்டைத் தட்டிக்கினு ஏதோ பாடிக்கினு இருந்தான். அக்கா அவனை அதட்டுச்சு.

"மணி பன்னெண்டாவுது. தெருவுல எல்லா வீட்டுலயும் கடுகு வெடிக்குது. உங்க வீட்டுல தாளிக்கலையேம்மா"ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. "குத்திடலாம்மா. கூட இருக்கற கொழந்தைங்களுக்கு இந்த ரெண்டு மூணு நாளுக்குள்ள குத்திட்டா தப்பிச்சுக்கும். அப்புறம் குத்திப் பிரயோஜனம் இல்ல."

அதுக்குள்ள எங்க மாமியாரு சேலையை வரிஞ்சு கட்டிக்கினு வந்துடுச்சு. "யாரு வாசல்ல நின்னுக்கினு யாருக்குப் புத்தி சொல்றே? உன் கை பட்டு எம் பேரனுங்க பொழைக்கணுமா? எங்க அம்மா பாத்துக்குவா. போய்யா!"

ஒரு சொம்பு தண்ணியை எடுத்து அவரு கால்கிட்ட ஊத்துச்சு. அவரு என்னையும் எம் பையனையும் ஒரு பார்வை பார்த்துட்டு சைக்கிளை எடுத்துக்கினு போனாரு. நிக்கல.

எனக்கு உள்ள இருக்க முடியல. இந்த ரெண்டு மூணு நாளுன்னு அவரு சொன்னது காதுலயே நின்னுச்சு. சாம்பல் கொட்டிட்டு வரேன்னு கூடையைத் தூக்கிக்கினு, பையனை இடுப்புல வச்சுக்கினு கொல்லைப்பக்கமா ஓடினேன். தெருக்கோடி பம்புக்குப் பக்கத்துல அவரு உக்காந்துக்கினு தோளைத் தேய்ச்சுக்கினு இருந்தாரு. எம் பையன் கையை நீட்டினேன்.

அவரு ஒண்ணும் கேக்கல. மருந்து இருந்த கண்ணாடிக் குழாயை ஒடிச்சாரு, கையில ஒரு சொட்டு விட்டாரு, வட்டமா பல்லு வச்ச திருகு கத்தியை வச்சு ஒரு திருகு. பையன் வீல்னு கத்தினான். நான் அவன் வாயை எம் மாரோட சேர்த்து அமுக்கிக்கினேன்.

அப்பத்தான் கேட்டாரு. "வீட்டுல வேற கொழந்தைங்க இருக்குதாம்மா?"

நான், "இல்ல"ன்னேன்.

ஏன் சொன்னேன்? கேளுங்க, சொல்றேன். அக்கா பையன் வாயாடி. அவனைத் தூக்கிக்கினு வந்திருந்தா, வீட்டுக்குள்ள நுழைஞ்ச உடனே, பாட்டி எனக்குக் குத்திட்டாங்கன்னு கையைக் காட்டிடுவான். இருக்குதுன்னு சொன்னா இவரு திரும்ப வாசலுக்கு வருவாரு, யாரு சொன்னாங்கன்னு தெரிஞ்சுடும். என்னை அன்னிக்கே பொறந்த வீட்டுக்கு வெரட்டிடுவாங்க. இது எல்லாம் காரணம்தான். ஆனா அந்த நிமிஷத்துல எம் புள்ள தப்பிச்சுட்டான், அது போதும்னு இருந்துச்சு. அவ்வளவு கேவலமானது மனசு. அவரு என்னை ஒரு நிமிஷம் பார்த்தாரு. அப்புறம் காயிதத்துல எழுதிக்கினாரு.

அஞ்சாறு நாள்ல எம் பையன் கையில குத்தின எடம் பழுத்து ஒரு கொப்புளம். முழுக்கைச் சட்டை போட்டு மறைச்சுப் பார்த்தேன், மாமியாரு கண்ணுக்குத் தப்பல. சட்டையைத் தூக்கிப் பார்த்துட்டு, எனக்கு உசிரே போச்சு, அது கன்னத்துல போட்டுக்கிச்சு!

"அடியே, பார்த்தியா! அம்மா இவனை ஒரே ஒரு முத்தோட வுட்டுட்டாடி! ஒரே முத்து!"

தெருவெல்லாம் சொல்லலாம்னா அதுவும் முடியாது, வேர்க்குருன்னு சொல்லி வச்சிருக்குதே. வீட்டுக்குள்ளயே கூழ் ஊத்தி, எம் பையனை நடுவுல உக்கார வச்சுக் கற்பூரம் காட்டுச்சு. அக்கா வந்து அந்தக் கொப்புளத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிச்சு. எங்களையும் இப்படியே வுட்டுடும்மான்னு. நான் பார்த்துக்கினு நின்னேன்.

பொண்ணு பொழைச்சுது, முகம் பூரா தழும்போட. அம்மா எறங்கி அவளுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தின மூணாம் நாள் அக்கா பையனுக்குக் காச்சல். முத்து வெளிய வரவே இல்ல, உள்ளுக்குள்ளயே கறுத்துடுச்சு. ஆறே நாள். மூணு வயசுப் புள்ள. தட்டைத் தட்டிக்கினு பாடற புள்ள.

சாவு விழுந்தப்புறம் மறைக்க முடியுமா? மறுநாள் அவரு வந்தாரு, கூட ஒரு இன்ஸ்பெக்டரு. தெருவே சட்டைக் கையைச் சுருட்டிக்கினு வரிசையில நின்னுச்சு. தீட்டும் இல்ல, அம்மாவும் இல்ல. எங்க மாமியாரு முதல் ஆளா கையை நீட்டுச்சு. "பார்த்துக் குத்துப்பா"ன்னுச்சு. ப்பாவாம்! அந்தக் கையையே ஒடிச்சிருக்கணும். அவரு என்னடான்னா, பூவை எடுக்கறா மாதிரி அந்தக் கையைப் புடிச்சு, வலிக்காம குத்தினாரு.

எம் பையன் முறை வந்துச்சு. "இவனுக்கு வேணாம்பா, இவனுக்கு அம்மா ஒரே முத்தோட வுட்டுட்டா"ன்னு மாமியாரு சட்டையைத் தூக்கிக் காட்டுச்சு. பொருக்கு கட்டியிருந்த எடம். அவரு குத்தின எடம். அவருக்குத் தெரியாதா? அக்கா சுவத்துல சாஞ்சுக்கினு, வெறிச்சுப் பார்த்துக்கினு உக்காந்திருந்துச்சு.

அவரு அக்காவைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. "ஆமாம்மா. இவனை அம்மா வுட்டுட்டா"ன்னாரு.

எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. அவரு வேலையை முடிச்சுட்டுக் கெளம்பினதும் பையனைத் தூக்கிக்கினு பின்னாடியே ஓடினேன். இன்ஸ்பெக்டரு முன்னாடி போயிட்டாரு. பட்டப்பகல்ல, தெருக்கோடியில சைக்கிளைப் புடிச்சு நிறுத்தினேன்.

"எதுக்குய்யா அப்படிச் சொன்னே?"

"நெசத்தைச் சொன்னா உங்களை அந்த வீட்டுல வச்சிருப்பாங்களாம்மா?"

"நான் உங்கிட்டப் பொய் சொன்னேன். வேற கொழந்தை இல்லன்னு அன்னிக்குப் பொய் சொன்னேன்!"

"தெரியும்மா."

"இன்னா தெரியும்?"

"வாசல்ல நின்னப்பவே உள்ள ஒரு பையன் பாடினது கேட்டுச்சே."

"அப்ப ஏன்யா நீ திரும்பி வரல? அந்த விருந்தாளி வீட்டுல பொழுது சாயற வரைக்கும் நின்னியே, எங்க வீட்டுல ஏன் நிக்கல?"

அவரு தோளைத் தொட்டுப் பார்த்துக்கினாரு. "அன்னிக்குக் காலைல அடுத்த தெருவுல கட்டையால அடிச்சுட்டாங்க. இன்னொரு வாசல்ல நிக்கத் தெம்பு இல்லம்மா. நீங்க இல்லன்னு சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு. இல்லன்னே எழுதிக்கினேன்."

நான் திட்டினேன் பாருங்க. வாயில வந்ததெல்லாம். ஊருல இருக்கற ஒவ்வொரு பேரையும் நோண்டினியே, எல்லார் பேச்சையும் சந்தேகப்பட்டியே, என் ஒரு பேச்சை மட்டும் ஏன்யா நம்பினா மாதிரி போனேன்னு கத்தினேன். அவரு கேட்டுக்கினே நிக்க நிக்க எனக்கு வெறி ஏறுச்சு. கடைசியில அவரு ஜாதியைச் சொல்லித் திட்டினேன். எங்க மாமியாரு வாயில நான் தெனமும் கேட்டுக் காது கூசின சொல்லு. அது என் வாயில வந்துச்சு. அதை இங்க சொல்ல மாட்டேன். எம் பையன் என் முகத்தைப் பார்த்துட்டு அழ ஆரம்பிச்சான்.

அவரு அவன் கையைப் பார்த்தாரு. "பொருக்கு தானா விழட்டும்மா. பிய்க்க வுடாதீங்க, சீழ் கோத்துக்கும்"னாரு. சைக்கிள்ல ஏறிப் போயிட்டாரு. அடுத்த தபா எங்க தெருவுக்கு வேற ஆளு வந்தான். முனையில நின்னு கத்திட்டுப் போனான்.

எம் பையனுக்கு இப்ப பேரன் இருக்கறான். அக்கா போன வருஷம்தான் போச்சு. கடைசி ரெண்டு வருஷம் எங்க வீட்டுலதான் படுக்கை, எம் பையன்தான் தூக்கி உக்கார வைப்பான். வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அவன் சட்டைக் கையை ஏத்திவிட்டு அந்தத் தழும்பைக் காட்டும். "அம்மா ஒரே முத்தோட வுட்ட புள்ள இது. எம் புள்ளய மட்டும் ஏன் வுடலன்னு அவளுக்குத்தான் தெரியும். இல்லடி?"ன்னு என்னைப் பார்த்துக் கேக்கும்.

நான், "ஆமாக்கா"ன்னுவேன்.